பீடியை நிறுத்த போனிலேயே டாக்டர் உதவி: கடலுக்குப் போறவருக்குச் சரிப்பட்டு வருமா?

மலர், தங்கச்சிமடம் | 3 மார்ச் 2025

எங்க அண்ணனுக்கு 46 வயசு. விசைப்படகுல டிரைவர். நாளைக்கு ஒரு கட்டு பீடி, 25 இருக்கும். கண்ணு முழிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள முதல் பீடி. பீடி ஆசையைத் தணிக்க மெல்லுற மருந்தான நிகோடின் கம் ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தோம். விக்கல் வருது, நெஞ்சு எரியுதுன்னு தூக்கிப் போட்டுட்டார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில போய் உக்கார நாள் கிடையாது. கரையில நிக்கிற நாளெல்லாம் வலை வேலை. போன்லயே டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கலாம்னு சொல்றாங்களே, நடக்குமா? மன உறுதி இல்லாதவனுக்கு எந்த மருந்தும் வேலை செய்யாதுங்கிறாங்க மதினி.

தொண்டி மருந்துக்கடை | 3 மார்ச்

மன உறுதியை இதுல இழுக்காதீங்க தங்கச்சி. ஒரு அட்டையில 10 கம். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்குக் குறைந்தது 9 மெல்லணும். ஆறு வாரத்துக்கு 378 கம், அதாவது 38 அட்டை. ஒரு அட்டையோட நிறுத்தினா மருந்து சாப்பிட்ட கணக்கே இல்லை. கடைக்கு வர்றவங்கள்ல பத்துப் பேர்ல ஒன்பது பேர் ஒரு அட்டை வாங்கிட்டு அடுத்த வாரம் பீடியோட நிக்கிறாங்க. அவங்க உறுதியில குறை இல்லை, கொடுத்த அளவுலதான் குறை.

விக்கலும் நெஞ்செரிச்சலும் மெல்லுற முறையால வர்றது. நிகோடின் கன்னத்து உள்தோல் வழியாத்தான் ரத்தத்துல சேரணும். வேகமா மென்னு எச்சிலை விழுங்கினா வயித்துக்குப் போயிடும். அங்கே எரிச்சல், விக்கல். மிச்சம் போறதையும் கல்லீரல் உடைச்சிடும், தலைக்கு ஒண்ணும் எட்டாது.

மெதுவா மெல்லுங்க. மிளகைக் கடிச்ச மாதிரி ஒரு காரமோ சுரசுரப்போ வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. ஒரு நிமிஷம் போல ஆகி அந்தச் சுரசுரப்பு அடங்கினதும் மறுபடி நாலு மெல்லு, இந்தத் தடவை வேற பக்கம் ஒதுக்குங்க. அரை மணி நேரம் இப்படியே. காரம் வர்றதே இல்லைன்னா அந்தக் கம் தீர்ந்துபோச்சு.

மண்டபம் நர்ஸ் | 3 மார்ச், இரவு

மேலே சொன்னதோட இதையும் சேர்க்கணும். கம் போடுறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியும், வாயில இருக்கும்போதும் டீ, காபி, கலர், எலுமிச்சை சர்பத் எதுவும் கூடாது. புளிப்பு இருக்கிற வாயில நிகோடின் ஏறாது. வாயில போடுற புகையிலையோட சுண்ணாம்பு தடவுறது எதுக்கு? புளிப்புக்கு எதிரான சுண்ணாம்புக் குணம் கூடினாத்தான் நிகோடின் சீக்கிரம் ஏறும். அதே கணக்கு இங்கே தலைகீழா வேலை செய்யுது. படகுல கறுப்பு டீ குடிச்ச கையோட கம் போட்டா பாதி வீண். வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சிட்டுப் போடட்டும்.

பல்செட் இருந்தா கம் ஒட்டிக்கும். அவங்களுக்கு வாயில கரையுற நிகோடின் மாத்திரை நல்லது.

தொண்டி மருந்துக்கடை | 4 மார்ச்

எந்த அளவு கம்னு யாரும் கேட்கலை. கடையில சும்மா கேட்டா கிடைக்கிறது 2 மி.கி. கண் முழிச்சு அரை மணிக்குள்ள முதல் பீடி பிடிக்கிறவருக்கு வேண்டியது 4 மி.கி. அதுக்கு டாக்டர் சீட்டு கேட்போம். மலர் அண்ணனுக்கு 2 மி.கி. கொடுத்திருப்பாங்க, போதாது. ஒரு நாளைக்கு 24 கம்முக்கு மேல எந்த அளவுலயும் போகக் கூடாது.

பீடி சின்னதுதானே, நிகோடின் கம்மியா இருக்கும்னு நினைக்கிறவங்களுக்கு: அப்படி இல்லை. பீடி சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. அடிக்கடி அணையுறதால ஆழமா, அடுத்தடுத்து இழுக்க வேண்டியிருக்கும். 25 பீடின்னா 25 சிகரெட்னே கணக்கு வைங்க.

மண்டபம் நர்ஸ் | 4 மார்ச்

நிகோடினுக்கு எவ்வளவு அடிமைன்னு அளக்கிற ஃபேகர்ஸ்ட்ரோம் கணக்குல ஆறு கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண். மலர் சொன்னதை வைச்சுப் பார்த்தா: அஞ்சு நிமிஷத்துக்குள்ள முதல் பீடி, 3. எண்ணிக்கை 21 முதல் 30க்குள், 2. இந்த ரெண்டுலயே 5 வந்துடுச்சு. மிச்சம் நாலு கேள்விக்கு ஒவ்வொரு மதிப்பெண்: பிடிக்கக் கூடாத இடத்துல அடக்க முடியாம கஷ்டப்படுறாரா, எந்தப் பீடியை விடுறது ரொம்பக் கஷ்டம் (காலை முதல் பீடின்னா 1), காலையில முதல் சில மணி நேரம் அதிகமா பிடிக்கிறாரா, காய்ச்சல்ல படுத்திருந்தாலும் பிடிக்கிறாரா. 6க்கு மேல வந்தா கம் மட்டும் போதாது. பேட்சும் (தோல்ல ஒட்டுற நிகோடின் பட்டை) கம்மும் சேர்த்து, இல்லைன்னா விழுங்குற மாத்திரை. இந்த எண்ணை எழுதி வைச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா சொல்லுங்க. பேச்சு நேரா மருந்துக்கு வந்துடும்.

போன்ல பார்க்கிற வழி: அரசாங்கத்தோட இ-சஞ்சீவனி, காசு கிடையாது. மொபைல் எண் கொடுத்தா ஓ.டி.பி வரும். பேர், வயசு, குறை என்னன்னு பதிஞ்சு, தமிழ்நாட்டு ஓ.பி.டி-யை (வெளிநோயாளர் பிரிவு) தேர்ந்தெடுத்து வரிசையில நிக்கணும். முறை வந்ததும் வீடியோ. முடிஞ்சதும் சீட்டு பி.டி.எஃப் ஆக வரும். எந்த நேரம் திறந்திருக்குன்னு அதுலயே காட்டும். குறைங்கிற இடத்துல "இருமல்"னு போடாதீங்க, இருமல் மருந்தோட முடிஞ்சிடும். "புகைபிடிப்பதை நிறுத்த மருந்து"ன்னு போடுங்க. பழைய சீட்டு, சுகர் ரிப்போர்ட் இருந்தா முன்னாடியே படம் எடுத்து வைங்க.

2020 மார்ச்சுல வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி டாக்டர் தன் பதிவு எண்ணைச் சீட்டுல போடணும். முதல் தடவை பார்க்கிறப்போ வீடியோவுல பாருங்க, குரல் அழைப்போட முடிச்சுக்காதீங்க. முதல் சந்திப்புலயே சீட்டு மருந்து எழுத முகம் பார்க்கிறது அவசியம்.

உப்புக்காற்று, பாம்பன் | 5 மார்ச்

டாக்டர் சீட்டு ஒரு பாதி. பேசிக் கைபிடிக்க ஆள் இருக்கிறது இன்னொரு பாதி. தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டு மேலேயே 2018லிருந்து அச்சாகுது. தமிழ்ல பேச ஆள் உண்டு. மருந்து தர மாட்டாங்க, ஆலோசனைதான். நிறுத்துற தேதியைக் குறிச்சுக்கிட்டு அவங்களே திரும்பக் கூப்பிடுவாங்க. காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை.

நம்ம பக்கம் சிக்கல் இங்கேதான். ராமேசுவரம் விசைப்படகு திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வருது. அவங்க கூப்பிடுற நேரம் ஆள் கடலுக்குள்ள, டவர் கிடையாது. ரெண்டு தடவை எடுக்கலைன்னா ஆர்வம் இல்லைன்னு தோணிடும். அதனால முதல் பேச்சுலயே "செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலையில் கூப்பிடுங்க, வெள்ளி எந்த நேரமும்"னு சொல்லிடுங்க. ரெண்டாவது எண்ணா மதினி எண்ணைக் கொடுங்க. நாட்டுப்படகுக்குப் போறவங்க தங்கள் நாளை வைச்சுக் கணக்குப் போடுங்க.

ராத்திரி மனசு உடைஞ்சு உக்காந்தா 14416, டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பாங்க.

கீழக்கரை காக்கா | 6 மார்ச்

ரமலான் நோன்பு ஓடுது. பகல் முழுக்கப் பிடிக்காம இருந்துட்டு நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்துக்கு முன்னாடி சிகரெட்டைத் தேடுறவங்க நிறைய. பகல்ல கம் மெல்ல வழியில்லை. என்ன செய்றது?

இன்னொண்ணு, வளைகுடாவிலிருந்து வர்றவங்க வேப் (மின்-சிகரெட்) கொண்டு வந்து "இதுல புகை இல்ல, விடுறதுக்கு நல்லது"ங்கிறாங்க.

மண்டபம் நர்ஸ் | 6 மார்ச்

காக்கா, 24 மணி நேர பேட்ச் இதுக்குப் பொருந்தும். விடியலுக்கு முன்னாடி சாப்பிடுற சஹர் நேரத்துல ஒட்டினா பகல் முழுக்க ஓடும். நோன்போட சேருமான்னு உங்க ஆலிம்கிட்ட கேட்டுக்கங்க, அது எங்க துறை இல்லை. கம் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் சஹர் வரைக்கும். 13 மணி நேரம் தாங்குற உடம்பு அதுக்கப்புறம் 11 மணி நேரம் தாங்க வேண்டியதுதான் பாக்கி. தராவீஹ் இரவுத் தொழுகை முடிஞ்சு கடைத்தெருவுல நிக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த நேரத்துக்கு ஒரு கம் சட்டைப் பையில இருக்கணும்.

வேப்: 2019 சட்டப்படி இந்தியாவுல விற்பனையும் இறக்குமதியும் தடை. உள்ளே எவ்வளவு நிகோடின்னு தெரியாத ஒண்ணை வைச்சு அளவைக் குறைச்சுக்கிட்டே வர்றது எப்படி? கம்முல 4 மி.கி.ன்னா 4 மி.கி.தான்.

தொண்டி மருந்துக்கடை | 6 மார்ச்

பேட்ச் ஒட்டுற முறை, கடற்கரை ஆட்களுக்காக. நாளைக்கு 10க்கு மேல பிடிக்கிறவருக்கு 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. ரெண்டு வாரம், 7 மி.கி. ரெண்டு வாரம். பெட்டிமேல போட்டிருக்கிற படி பாருங்க, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

தோள்பட்டைக்குக் கீழே, முடியில்லாத இடம். தேங்காய் எண்ணெய் தடவின உடம்புல ஒட்டாது. குளிச்சு, துடைச்சு, நல்லா காஞ்சபிறகு ஒட்டி உள்ளங்கையால பத்து விநாடி அழுத்தணும். வேர்வையும் உப்புத்தண்ணியும் ஓரத்தைக் கிளப்பும், அதனால மேலே மைக்ரோபோர் டேப் நாலு பக்கமும். மறுநாள் வேற இடம், அதே இடத்துல ஒட்டினா தோல் சிவந்து அரிக்கும். கத்தரியால வெட்டிப் பாதி ஒட்டாதீங்க. கழட்டினதை ஒட்டுற பக்கம் உள்ளே போகிற மாதிரி மடிச்சுக் குழந்தை கைக்கு எட்டாம போடணும், அதுல இன்னும் நிகோடின் மிச்சம் இருக்கும்.

தூக்கம் கெட்டு, கனவு கலவரமா வந்தா படுக்கும்போது கழட்டலாம். ஆனா காலை முதல் பீடிதான் பெரிய சிக்கல்னா இரவுலயும் இருக்கட்டும்.

மலர் | 8 மார்ச்

மாத்திரைன்னு சொன்னீங்களே, அது என்ன? அண்ணனுக்கு இழுப்பு உண்டு, டெரிஃபிலின் போடுறார். ஞாயித்துக்கிழமை கரைக்கு வந்தா கொஞ்சம் குடிப்பார்.

மண்டபம் நர்ஸ் | 8 மார்ச்

இதை முதல்லயே சொல்லியிருக்கணும் தங்கச்சி, ரெண்டுமே முக்கியமான தகவல்.

முதல்ல டெரிஃபிலின். அதுல இருக்கிறது தியோஃபிலின் வகை. புகையில இருக்கிற தார் கல்லீரலைத் தூண்டி இந்த மருந்தை வேகமா உடைக்க வைக்குது. அதனால பீடி பிடிக்கிறவருக்கு அதிக அளவு தேவைப்படும். பீடியை நிறுத்தின சில நாள்ல அந்த வேகம் தணிஞ்சிடும், அதே மாத்திரை உடம்புல தேங்கும். படபடப்பு, வாந்தி, கை நடுக்கம். வீட்டுல எல்லாரும் "பீடி இல்லாம நடுங்குறான், ஒண்ணு கொடுத்துடுங்க"ன்னு சொல்லுவாங்க. காரணம் மாத்திரை. நிறுத்தப் போற தேதியைச் சொல்லி அளவைக் குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க. கம்மோ பேட்சோ இதை மாத்தாது, ஏன்னா வேலை செய்தது நிகோடின் இல்லை, புகை.

டீயும் காபியும் அதே வழிதான். நிறுத்தின பிறகு அதே நாலு டீ முன்னைவிட அதிகமா ஏறும், தூக்கம் போகும், எரிச்சல் வரும். பாதியாக் குறைங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்க, மனநோய்க்கு க்ளோசபின், ஓலான்சபின் போடுறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தணும். மனநோயாளிகளோட ஏர்வாடிப் பக்கம் தங்கியிருக்கிற குடும்பங்கள் இதைக் கவனிங்க.

மாத்திரை ரெண்டு. புப்ரோபியான்: 150 மி.கி. மூணு நாள் ஒரு வேளை, பிறகு ரெண்டு வேளை, நடுவுல எட்டு மணி நேரமாவது இடைவெளி, ரெண்டாவதைப் படுக்கப் போற நேரத்துல போடக் கூடாது. நிறுத்துற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே தொடங்கணும். வலிப்பு வந்தவருக்கு ஆகாது. அதிகமா குடிச்சு திடீர்னு நிறுத்துறவருக்கும் ஆகாது, வலிப்பு வரலாம். குடியை டாக்டர்கிட்ட மறைச்சா ஆபத்து அண்ணனுக்குத்தான். மதினி பக்கத்துல நிக்கிறாங்கன்னு வீடியோவுல வாய் திறக்க மாட்டார், அந்த அஞ்சு நிமிஷம் தனியா விடுங்க.

வாரெனிக்ளின்: 0.5 மி.கி. மூணு நாள் ஒரு வேளை, நாலு முதல் ஏழாம் நாள் வரை ரெண்டு வேளை, எட்டாம் நாள்ல இருந்து 1 மி.கி. ரெண்டு வேளை, மொத்தம் 12 வாரம். வயித்தைப் புரட்டும். சாப்பிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட போட்டா குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தா அளவு மாறும். 2021ல உலக சுகாதார நிறுவனம் ரெண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தது.

உப்புக்காற்று | 9 மார்ச்

வயித்துப் புரட்டலும் அலையும் சேர்ந்தா முதல் நாளே மாத்திரையைக் கடல்ல வீசிடுவாங்க. தலைசுத்தலும் சிலருக்கு வரும், வலை இழுக்கிற வின்ச் இயந்திரம் பக்கம் நிக்கிறவருக்கு அது விளையாட்டில்லை. மாத்திரையின் முதல் வாரம் கட்டாயம் கரையில இருக்கணும்.

அதனால மீன்பிடித் தடைக்காலத்தைப் பிடிங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஏப்ரல் 8ல மாத்திரை தொடங்கி அந்த ஒரு வாரம் மட்டும் கடலுக்குப் போகாம இருந்தா, எட்டாம் நாள் ஏப்ரல் 15. படகு கட்டுற நாளும் பீடி நிறுத்துற நாளும் ஒண்ணு. டோக்கன், டீசல், படகு முதலாளி எந்தத் தொல்லையும் இல்லாத காலம்.

பாசிக்கரை, பெரியபட்டினம் | 9 மார்ச்

தடைக்காலம் நல்லதுன்னு சொல்றீங்க, அப்போதான் மரத்தடியில வலை கட்டிக்கிட்டு ஆளுக்கு ஒரு பீடியா சுத்தி வருதே? கடல்லயாவது கைக்கு ஓயாம வேலை இருக்கும். கரையில சும்மா இருக்கிற கைதான் பீடியைத் தேடும். கையில காசும் இருக்காது, கம் வாங்குறது எப்படி?

உப்புக்காற்று | 10 மார்ச்

சரியான கேள்வி. வலை கட்டுற இடத்தை மாத்துங்க, இல்லைன்னா விடாதவங்க கூட்டத்துலயிருந்து தள்ளி உக்காருங்க. ஆசை உச்சத்துல நிக்கிறது சில நிமிஷம்தான், அஞ்சு நிமிஷம் எழுந்து நடந்தா தணியும். முதல் வாரம்தான் உடம்பு ரொம்பப் படுத்தும், ரெண்டு முதல் நாலு வாரத்துல அடங்கும். அந்த நாலு வாரத்தையும் கரையில கடத்திடலாம்ங்கிறதாலதான் தடைக்காலத்தைச் சொல்றேன்.

காசுக்கு: தடைக்காலத்துக்கு முன்னாடியே, தொழில் ஓடும்போதே வாங்கி வைங்க. ஆறு வார கம் மொத்தமா வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு வாங்கி ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு மிச்சம். அரசு ஆஸ்பத்திரியில புகையிலை நிறுத்தப் பிரிவு இருந்தா அங்கே கம் இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

தொண்டி மருந்துக்கடை | 10 மார்ச்

வாரெனிக்ளின், 21 மி.கி. பேட்ச் ரெண்டும் எல்லாக் கடையிலயும் அலமாரியில இருக்காது. மதுரையில இருந்து வரவழைக்கணும். சீட்டு கிடைச்ச அன்னிக்கே கடைக்குச் சொல்லிடுங்க. மருந்து நடுவுல தீர்ந்து ரெண்டு நாள் இடைவெளி விழுந்தா அந்த ரெண்டு நாள்லதான் பீடி திரும்ப வரும்.

முகநூல்ல "சாப்பாட்டுல கலந்தா ஏழு நாள்ல பீடி மறந்திடும்"னு பொடி விக்கிறாங்க. என்ன சேர்த்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தருக்குத் தெரியாம அவர் சோத்துல மருந்து கலக்கிறது குற்றம். பதிவு எண் இல்லாதவங்க சீட்டுக்கு நான் மருந்து கொடுக்கிறதில்லை.

பாசிக்கரை | 12 மார்ச்

கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க பாதிப் பேர் வெத்தலையோட புகையிலை அடக்குறாங்க. தண்ணிக்குள்ள முங்கி வர்றப்போ பசி தெரியாம இருக்கும்பாங்க. அவங்களுக்கும் இதே கம்தானா?

மண்டபம் நர்ஸ் | 12 மார்ச்

ஆமா. அதே உதவி எண்ணும் அவங்களுக்குப் பொருந்தும். அவங்களுக்கு வாய்தான் பழகியிருக்கு, அதனால ஏலக்காய், சோம்பு மாதிரி ஏதாவது வாயில இருந்தா நல்லது. பாக்கையும் விடணும், பாக்கு தனியாவே வாய்ப் புற்றுக்குக் காரணம். வாயில வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண், வாய் திறக்க முடியாம இறுக்கம், இதுல எது இருந்தாலும் போன் வேண்டாம். நேர்ல போய்க் காட்டுங்க, அது வீடியோவுல சரியாத் தெரியாது. கர்ப்பமா இருக்கிறவங்க கம்மும் கேட்காம போடக் கூடாது.

மாரடைப்பு வந்து ரெண்டு வாரம் ஆகாதவங்களும் டாக்டர் சொல்லாம நிகோடின் எதையும் தொடக் கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்க முதல் ஒரு மாசம் அடிக்கடி சுகர் பாருங்க.

மலர் | 22 ஏப்ரல்

15ஆம் தேதியிலிருந்து 21 மி.கி. பேட்சும் 4 மி.கி. கம்மும். டெரிஃபிலினை டாக்டர் குறைச்சிட்டார். மாத்திரை வேண்டாம்னுட்டார், குடியைச் சொன்னதால. நேத்து கல்யாண வீட்டுல ஒரு பீடி பிடிச்சிட்டார். பேட்ச் மேல பிடிச்சா மாரடைப்பு வரும்னு பயந்து பேட்சைப் பிச்சு எறிஞ்சிட்டார்.

மண்டபம் நர்ஸ் | 22 ஏப்ரல்

இன்னிக்கே புது பேட்ச் ஒட்டச் சொல்லுங்க. ஒரு பீடிக்காக மருந்தை நிறுத்தினா அடுத்த பீடிக்குக் கதவைத் திறந்து வைச்ச மாதிரி. பேட்ச் இருக்கும்போது ஒண்ணு பிடிச்சதால மாரடைப்பு வராது. குமட்டல், தலைசுத்தல், படபடப்பு வந்தா அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம், அப்போ கழட்டலாம். நாளை மறுபடி ஒண்ணாம் நாளுன்னு எண்ண வேண்டாம், மருந்துக் கணக்கு 15ஆம் தேதியிலிருந்தே ஓடட்டும். கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு அரை மணி முன்னாடியே ஒரு கம் வாயில இருந்திருக்கணும். ஆசை வந்தபிறகு போட்டா கம் எட்டிப் பிடிக்க நேரமாகும்.

தொண்டி மருந்துக்கடை | 23 ஏப்ரல்

கணக்கு ஒண்ணு. ஏப்ரல் 15ல இருந்து 21 மி.கி. மே 26 வரை. 14 மி.கி. மே 27 முதல் ஜூன் 9 வரை. 7 மி.கி. ஜூன் 10 முதல் 23 வரை. அதாவது கடல் திறக்கிற ஜூன் 15 அன்னிக்கு அண்ணன் கையில இருக்கப் போறது ரொம்பக் குறைஞ்ச அளவு. பழைய படகு, பழைய ஆட்கள், இரவு வலை இழுப்பு எல்லாம் ஒரே நேரத்துல திரும்பி வர்ற வாரம் அது. 14ஐ ஜூன் கடைசி வரை நீட்டிட்டு அப்புறம் 7க்கு இறங்கலாமான்னு மே கடைசியிலயே டாக்டர்கிட்ட கேளுங்க.

உப்புக்காற்று | 11 ஜூன்

கடலுக்குப் போகும்போது எடுத்துட்டுப் போறதை எழுதிடறேன். ஒரு நாள் தங்கலுக்கு 15 கம், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல. இன்ஜின் அறைப் பக்கம் வைக்காதீங்க, சூடு ஏறினா கெட்டுப்போகும். ரெண்டு பேட்ச், ஒண்ணு விழுந்தா மாத்த. மைக்ரோபோர் சுருள். குடிதண்ணி ஒரு பாட்டில் தனியா. வலை ஏத்தி முடிச்சு எல்லாரும் பீடி பத்த வைக்கிறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு கம். லைட்டரை வீட்டுல வைச்சிட்டுப் போகச் சொல்லுங்க. படகுல அடுப்புக்குத் தீ வேணும்னா அதை வேற ஆள் வைச்சிருக்கட்டும்.

மலர் | 11 ஜூன்

டாக்டர் 14ஐ ஜூன் 30 வரை எழுதிக் கொடுத்திருக்கார். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கூப்பிடச் சொல்லி உதவி எண்லயும் பதிஞ்சாச்சு. மதினியே பேட்ச் ஒட்டி விடுறாங்க, எண்ணெய் தடவ விடுறதில்லை.

தொண்டி மருந்துக்கடை | 12 ஜூன்

14 மி.கி. மூணு பெட்டி வந்திருக்கு தங்கச்சி, வேணும்னா உங்க பக்கத்துக் கடைக்கு அனுப்புறேன். 7 மி.கி. ஜூலை முதல் வாரத்துக்கு இப்பவே சொல்லி வைங்க.